முதல் ஓலையோடு நின்றது

டெக்சாஸிலிருந்து வந்த பார்சலை மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தபோது முதலில் கைக்கு வந்தது, உள்ளே இருந்த புத்தகத்திலிருந்து நழுவி விழுந்த ஒரு காகிதத் துண்டு. ஒரு விரல் அகலம், நீளவாக்கில் வரிசையாக ஓட்டைகள், ஓரமெல்லாம் மஞ்சள். கம்ப்யூட்டர் பிரிண்டரில் மாட்டுகிற காகிதத்தின் விளிம்பு அது. அச்சானதும் கிழித்துக் குப்பையில் போடுகிற பொருள். நீ மட்டும்தான் போட விடமாட்டாய். "கீழ போடாதிய, அடையாளம் வைக்க ஆகும்" என்று ஒவ்வொன்றாக நீவிக் கைப்பையில் வைத்துக்கொள்வாய். குனிந்து அதை எடுத்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

புத்தகத்தின் உள்ளட்டையில் என் கையெழுத்தில் என் பெயர், நான் இன்றும் குடியிருக்கிற ஹைலண்ட் பார்க் விலாசம், அதன் கீழே தொலைந்தால் திருப்பி அனுப்பவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஹாஸ்டல் காலத்துப் பழக்கம். அன்றைக்கு நீ சிரித்தாய். "எனக்குத் தந்த புக்ல உங்க அட்ரஸ் எதுக்கு?" "தொலைஞ்சா எங்கிட்ட வரட்டும்" என்றேன். வந்துவிட்டது. டெக்சாஸில் உன்னோடு ஒரே கல்லூரியில் பாடம் நடத்திய ஓர் அமெரிக்க அம்மாள் ஒரு தாள் எழுதி உள்ளே வைத்திருக்கிறார். வயிற்றில் கட்டி என்று தெரிந்த ஐந்தாம் மாதம், ஆகஸ்டில், முடிந்துவிட்டதாம். உன் அறையைக் காலி செய்தபோது விலாசம் எழுதியிருந்த ஒரே புத்தகம் இதுதானாம். அதனால் அனுப்புகிறாராம். ஆக, நீ போன செய்திகூட நீ சொல்லி எனக்கு வரவில்லை. ஒரு பழைய ஹாஸ்டல் பழக்கம் கொண்டுவந்து சேர்த்தது. முதல் நாள் இதையும் உன் மேல் எனக்குள்ள கோபங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டேன். வரிசை பெரிது. உனக்குத் தெரியும்.

உன்னை முதலில் பார்த்தது எடிசனில், ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு ஜெபக்கூட்டத்தில். மாதம் ஒருமுறை நியூஜெர்சித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடுகிற இடம். ஜெபத்துக்கு வந்தவர்கள் பாதி, அதன்பின் வரும் பிரியாணிக்கு வந்தவர்கள் பாதி. நான் இரண்டாம் வகை. எண்பத்திரண்டு வசந்தகாலம் என்று நினைக்கிறேன். இஞ்சினியர்களும் டாக்டர்களுமாக நிறைந்திருந்த அந்தக் கூடத்தில், பாளையங்கோட்டைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருத்தி விக்டோரியா காலத்து நாவல்களில் டாக்டர் பட்டம் வாங்க வந்திருக்கிறாள் என்பது எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

"இங்கிலீஷ் படிக்கவாம்மா இவ்வளவு தூரம் வந்த? இங்க எல்லாரும் அதத்தான பேசுதாங்க!" என்றார் ஆன்ட்டியின் கணவர். கூடம் சிரித்தது.

"அதான் அங்கிள், எல்லாரும் பேசுதாங்க. ஒருத்தராவது படிக்கட்டுமேன்னு வந்தேன்" என்றாய் நீ. தலையை நிமிர்த்தாமல், தட்டில் ரைத்தாவை ஒதுக்கியபடி. அந்தப் பதிலுக்காகத்தான் நான் உன் பக்கத்து நாற்காலிக்கு வந்தேன். எனக்கு அப்போது முப்பத்து நான்கு, உனக்கு முப்பத்தொன்று. நம் ஊர்ப்பக்கம் இரண்டுமே கல்யாணச் சந்தையில் விலைபோகாத வயது. நான் பாளையங்கோட்டைப் பக்கத்து நாசரேத்துக்காரன் என்றதும், "அப்போ எங்க ஊர் கதையெல்லாம் தெரிஞ்சிருக்குமே" என்றாய். தெரியும் என்று தலையசைத்தேன். அதைப் பற்றி அன்றைக்கு மேற்கொண்டு பேசவில்லை.

தெரிந்த கதை இவ்வளவுதான். உன் அப்பா உங்கள் ஊர்ச் சபையின் போதகர். நம் பக்கத்து வழக்கில் ஐயர். மிஷன் பள்ளிக்கூடத்து ரூபி டீச்சர், கல்யாணமாகாதவள், கர்ப்பமானாள். காரணம் ஐயர்தான் என்றாள். சபைக் கமிட்டி கூடி விசாரித்தது. குற்றம் நிரூபணமாகவில்லை. டீச்சரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எங்கோ மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இறந்துபோனார்கள். உன் அப்பா அதே சபையில் ஊழியம் செய்து, ஓய்வு பெற்று, அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். கமிட்டிக்குப் பிறகு யாரும் அவரை நேரில் ஒன்றும் கேட்கவில்லை. நாசரேத் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் வேலை பார்த்த டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்தில் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் டெர்மினல்கள் சும்மா கிடக்கும். உன் ஆய்வுக் கட்டுரையை நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். காதலிக்கத் தெரியாதவன் செய்கிற உதவி. நீ கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவருவாய், நான் அடிப்பேன், பிரிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும், நீ ஓரங்களைக் கிழித்துச் சேர்ப்பாய். ஓராண்டு அப்படிப் போனது. என் வாழ்நாளில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சனிக்கிழமைகள்தான்.

நீ எழுதிக்கொண்டிருந்தது யாரும் மறுபதிப்புப் போடாத ஒரு நாவலைப் பற்றி. மூன்று பாகமும் ஒரே கட்டில்; பழைய புத்தகக் கடையில் தேடி நான் உனக்கு வாங்கித் தந்த புத்தகம் அதுதான். அதன் நாயகி டார்க்கஸ். நம் வேதாகமத்தில் அதே பெயர் தொற்காள் என்று வரும்; ஏழைகளுக்கு அங்கி தைத்துக் கொடுத்தவள். நீ அவளைத் தொற்காள் என்றே சொல்வாய், பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வதுபோல. கம்பளி நெய்கிற ஒரு சிற்றூரில் அவள் அப்பா மருத்துவர். வீட்டு வேலைக்காரி சூசன் அவர் மேல் ஒரு புகார் சொல்கிறாள். கோயில் பெரியவர்கள் வந்து, பன்னிரண்டு வயது டார்க்கஸிடம் நீ எதையாவது பார்த்தாயா என்று கேட்கிறார்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்கிறாள். சூசனைத் துரத்திவிடுகிறார்கள். அந்தப் பனிக்காலத்தை அவள் தாண்டவில்லை. நாவலின் மீதி எண்ணூறு பக்கமும் டார்க்கஸ் நல்லவளாக இருக்கிறாள்.

இந்த நல்லவளாக இருப்பதுதான் உன் ஆராய்ச்சி. அவளைப் பற்றி எழுதிய நாலைந்து பேரும் அவளைத் தியாகத்தின் உருவம் என்று புகழ்ந்துவிட்டுப் போயிருந்தார்கள். நீ அப்படிப் படிக்கவில்லை. டார்க்கஸ் வேலைக்காரர்களுக்கு உத்தரவு போடமாட்டாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள் என்று தெரியாமல் சாப்பிடமாட்டாள். ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைப்பாள். தைத்த எதையும் கொண்டுபோய்க் கொடுக்கத் தான் போகமாட்டாள், நன்றி சொல்லிவிடுவார்களே என்று. கோயிலில் எப்போதும் தூணுக்குப் பின்னால். இதையெல்லாம் நீ ஒன்றொன்றாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தாய். "அவளுக்கு நல்லதனம் ஒரு ஒளிஞ்சுக்கிற இடம். அங்க இருந்தா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்கல்லா" என்றாய் ஒருமுறை, ரூட் 27 சாலையில் காரில் சிக்னலுக்குக் காத்திருந்தபோது.

நான் சண்டைக்கு வருவேன். "பன்னிரண்டு வயசுப் பிள்ளை! அப்பன் செஞ்சதுக்கு அவ என்ன செய்வா? அவளுக்கு அவமானம் இருக்கலாம். குத்தவுணர்ச்சி எங்க இருந்து வந்துது?"

"அவமானம் ஊர் பாக்கிறதால வரும். ஊரை விட்டுப் போனா கொறைஞ்சுரும். இவ லண்டனுக்குப் போறா பாருங்க, ரெண்டாம் பாகத்துல. அங்க இவளை யாருக்கும் தெரியாது. அங்கயும் தூணுக்குப் பின்னாலதான் உக்காருதா. அப்போ அது அவமானமா?"

"சரி. ஆனா அவ மேல குத்தம் இல்ல. இதை ஒரு வரியாவது எழுது. பிள்ளையைப் போய்க் கேட்டவன் மேலதான் குத்தம்."

"நீங்க எழுதுங்க. நீங்கதான டைப் பண்ணுதிய" என்று சிரித்தாய். சிக்னல் மாறியதும், வெளியே பார்த்தபடி, "உங்களுக்கு நெசமாவே அப்படித் தோணுதா?" என்று கேட்டாய். "இதுல என்ன சந்தேகம்?" என்றேன். நல்ல வாதம் ஒன்றில் ஜெயித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலகத்தில் எத்தனையோ நாவல்கள் இருக்கும்போது இதை ஏன் எடுத்தாய் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. படித்தவன் என்று பெயர். நீ ஒரு காகிதப் பெண்ணை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாய். நான் எதிரே உட்கார்ந்திருந்த உன்னைப் படிக்கவில்லை. இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. ஜெபக்கூட்டத்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நீதான். உன்னை யாராவது பாராட்டினால் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாய். உன் தலைமுடி அவ்வளவு நீளம். ஆனாலும் ஒருநாளும் பின்னிப் பார்த்ததில்லை, எப்போதும் இறுகின கொண்டை. "நம்ம ஊர் டீச்சரம்மா மாதிரி இருக்க" என்று கேலி செய்தேன். உன் முகம் வெளுத்ததற்கு வெயிலைக் காரணமாக நினைத்தேன். இன்னொன்று: நீ எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டாய். 'பாக்கலாம்' என்பாய், 'அப்புறமா' என்பாய். டீ வேண்டாம் என்பதைக்கூடக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் தெரியப்படுத்துவாய். அது உன் மென்மை என்று நான் ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டதற்கும் நீ இரண்டு மாதம் 'பாக்கலாம்' என்றாய். பிறகு ஒரு சனிக்கிழமை, நாலாம் அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றபடி, "ஒரே ஒரு கண்டிஷன்" என்றாய்.

"சொல்லு."

"கல்யாணம் இங்கயே. இங்க உள்ள பாஸ்டரை வச்சு. ஊர்ல ஓலை வாசிக்கக் கூடாது."

நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண்ணின் கோயிலிலும் பையனின் கோயிலிலும், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் ஆராதனை நடுவே வாசிப்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. வாசிக்கும்போது பெண்ணின் தாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவாள். ஒருவரும் எழுந்து தடை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் ஐயர் கொஞ்ச நேரம் நிறுத்திக் காத்திருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் நீ பயந்தாய்.

"அம்மாவால தாங்க முடியாது" என்று மட்டும் சொன்னாய். உன் அப்பாவின் கதைக்காக என்று எடுத்துக்கொண்டேன். சரி என்றேன். "சத்தியமா?" என்றாய். "சத்தியமா" என்றேன். என் தோளில் ஒரு விரலை மட்டும் வைத்து, "டைப் பண்ணுங்க அத்தான்" என்றாய். அந்த வார்த்தையை நீ என்னிடம் சொன்னது அந்த ஒரு முறைதான். அன்று அடித்த பக்கத்தில் பதினொரு பிழைகள்.

அந்தச் சத்தியத்தை நான் எப்படி மீறினேன் என்பதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கேட்க நீ நிற்கவில்லை. பிறகு சொல்லும் அளவுக்கு நான் நல்லவனாக இருக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்த ஜெபக்கூட்டத்துக்கு நீ காய்ச்சல் என்று வரவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஸ்டெல்லா ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, எப்போ ஓலை?"

"இங்கயே சிம்பிளா முடிச்சுருவோம் ஆன்ட்டி. ஊர்ல வாசிக்கல."

"வாசிக்கலையா?" குழாயை மூடினார். "நம்ம ஜனத்துல ஓலை வாசிக்காம யாரு கல்யாணம் பண்ணுவா, ஓடிப்போற பிள்ளைங்கதான். சரி, அந்த ஐயர் மக... அவளும் என்ன செய்வா. எந்த மொகத்தோட வாசிக்கச் சொல்லுவா, பாவம்."

அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது. வேறு எந்த வசைக்கும் நான் அப்படி எரிந்திருக்கமாட்டேன். கார் ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் நெஞ்சுக்குள் அவரோடு வாதாடினேன். நாம் என்ன திருடிவிட்டோம்? ஏன் ஒளிய வேண்டும்? அந்தக் கோயிலில், அந்த ஜனத்தின் முன்னால், உன் பெயரை உரக்க வாசிக்கட்டும். ஒருத்தன் வாய் திறக்கமாட்டான். அதோடு அந்தக் கதை செத்துப்போகும். நீ தலை நிமிர்வாய். அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் அப்பாவுக்கு ஏரோகிராம் எழுதினேன்: இரண்டு கோயிலிலும் ஓலை கொடுங்கள், அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. வாசித்து முடிந்ததும் சொல்லி உன்னை அசத்தலாம் என்றிருந்தேன். பரிசு கொடுப்பதுபோல.

உன் கோயிலில் முதல் ஓலை வாசித்த நேரம் இங்கே சனிக்கிழமை இரவு. நான் டெலிவிஷனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மா, தபாலாபீஸில் காத்திருந்து டிரங்க்கால் போட்டு, உன் வீட்டுக்கார அம்மாளின் போனில் உன்னைப் பிடித்தார்கள். நாலு நாள் நீ என் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில், காசு போட்டுத் துவைத்துக்கொள்கிற லாண்டிரியில் இருப்பாய் என்று தெரியும். வந்தேன். நீ மூலையில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாய். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு டிரையர்கள் துணி உலர்த்திச் சுற்றிக்கொண்டிருந்தன. ஈரமும் சோப்பும் சூடுமான அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. ஏழு வருடமாக வீட்டுத் தொட்டியில்தான் துவைத்துக்கொள்கிறேன்.

"தந்தி குடுத்துட்டேன். நாளைக்கு வாசிக்கமாட்டாங்க" என்றாய், என்னைப் பார்க்காமல்.

"எதுக்குக் குடுத்த?"

"நீங்க எதுக்கு எழுதினிய?"

"ஒருத்தனாவது தடை சொன்னானா? சொல்லு!"

"ரூபி டீச்சரோட அண்ணன் எழும்பி நின்னாங்களாம். ஒண்ணுமே சொல்லலையாம். ஐயர் ரெண்டு தடவை கேட்டாங்களாம், தடை சொல்லுதியளான்னு. பதிலே இல்லையாம். அடுத்த பாட்டு முடியிற மட்டும் நின்னுட்டு, வெளிய போயிட்டாங்களாம்." ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய். "அம்மா இனிமே கோயிலுக்குப் போகமாட்டாங்களாம்."

"உங்கப்பா செஞ்சதுக்கு நீ எத்தனை வருஷம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருப்ப?"

"அப்பாவுக்காகன்னா நெனச்சிய?"

அப்போதுதான் சொன்னாய். கமிட்டி உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கூடியது. உனக்குப் பதினொரு வயது. உன் அம்மா பேறுகாலத்துக்கு ஊருக்குப் போயிருந்த மூன்று மாதம் ரூபி டீச்சர் உங்கள் வீட்டுக்கு வந்துபோனாளா என்று உன்னைக் கேட்டார்கள். பின்னால் நின்ற அம்மாவின் கை உன் தோளில் இருந்தது. நீ இல்லை என்று சொன்னாய். "தெனமும் வந்தாங்க. காலைல எனக்குத் தலை பின்னி விட்டு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதே அவங்கதான். அன்னைக்குக் கமிட்டி முன்னால நான் கட்டியிருந்த ரிப்பன்கூட டீச்சர் தந்ததுதான். அதைக் கட்டிக்கிட்டுத்தான் இல்லன்னு சொன்னேன். டீச்சர் அங்கனதான் உக்காந்திருந்தாங்க. என் மொகத்தப் பாத்தாங்க. ஒண்ணும் பேசல. அதுக்கப்புறம் அவங்க எதையுமே மறுக்கல. ஒரு பிள்ளை சொன்னா யாரு நம்பமாட்டாங்க?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்கு மனப்பாடம். ஓராண்டாக ரூட் 27இல் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். பிள்ளையின் மேல் குற்றம் இல்லை. கேட்டவன் மேல், தோளில் கை வைத்தவள் மேல். டார்க்கஸுக்கு எத்தனை தடவை வாதாடியிருப்பேன். நீ அதற்காகத்தான் காத்திருந்தாய் என்று இப்போது தெரிகிறது. மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். உலகத்தில் ஒரே ஒருவனுக்குச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஓராண்டு என்னைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்.

நான் தோற்றுப்போன கோபத்தில் இருந்தேன். என் பெருந்தன்மை பாழாகிவிட்ட கோபம். நான் சொன்னது இது:

"அன்னைக்கு நீ ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா அந்த டீச்சர் பொழைச்சிருப்பா."

டிரையர் ஒன்று நின்றது. யாரோ வந்து கதவைத் திறந்தார்கள். நீ மடித்த துணிகளைக் கூடைக்குள் வைத்தாய், பெரியது அடியில், சிறியது மேலே, அவசரமே இல்லாமல். நான் சொன்னது என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. "ஏய், அப்படி இல்ல, கோவத்துல சொல்லிட்டேன். வா, கார்ல போய்ப் பேசுவோம். எல்லாம் சரியாயிரும், வா" என்றேன்.

"இல்ல" என்றாய்.

உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியும்.

அடுத்த ஆண்டு நீ பட்டம் வாங்கி டெக்சாஸுக்குப் போனாய். உன் பல்கலைக்கழக நூலகத்தில் உன் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். முன்னுரையில், நாலு அத்தியாயங்களைத் தட்டச்சு செய்த நண்பருக்கு நன்றி என்று இருந்தது. பெயர் இல்லை. அதையும் வரிசையில் சேர்த்தேன். உன் அம்மாவின் கை, கமிட்டியின் ஆட்கள், ஆன்ட்டியின் 'பாவம்', எழுந்து நின்ற அந்த அண்ணன், சொல்லாமல் மறைத்த நீ. கிறிஸ்துமஸுக்கு உன் பெயர் மட்டும் எழுதிய அட்டை வரும். நான் பதில் போடவில்லை. இத்தனை பேர் மேல் கோபமாக இருந்தால் ஒருவன் தன்னைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது. டார்க்கஸ் நல்லதனத்துக்குள் ஒளிந்துகொண்டாள் என்று நீ கண்டுபிடித்தாய். ஒளிந்துகொள்ள இப்படியும் ஓர் இடம் உண்டு என்பதை உன் ஆராய்ச்சியில் சேர்த்திருக்கலாம்.

பார்சலைப் பிரித்த நாளிலிருந்து அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். தினமும் அலுவலகம் விட்டு வந்து, அடுப்பங்கரை மேஜையில், இருபது பக்கம். நீ ஓட்டைக் காகிதம் வைத்த இடங்களில் எல்லாம் நின்று நின்று. ஓரங்களில் உன் பென்சில் குறிப்புகள், எல்லாம் ஆங்கிலத்தில், மாணவர்களுக்குச் சொல்வதற்காக எழுதிக்கொண்டவை. மூன்றாம் பாகத்தில் டார்க்கஸ் தன்னை விரும்பும் இளம் குருவானவரிடம் தோட்டத்தில் வைத்து, அன்றைக்குப் பார்த்ததை மறைத்த உண்மையைச் சொல்கிறாள். அவன் ஒன்றும் பேசாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை விரல் பட்டு மூலை கறுத்திருந்தது. அங்கே மட்டும் தமிழில் எழுதியிருந்தாய். சின்ன எழுத்தில், இரண்டு வரி.

"துணி மடிக்கிற இடத்துல வச்சுச் சொல்லியிருக்கக் கூடாது. பாவம், பயந்துட்டாங்க. நான்தான் நேரம் பாத்துச் சொல்லியிருக்கணும்."

மன்னிப்பு என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு மூச்சு லேசாக வந்தது. பிறகு மறுபடி படித்தேன். நான் சொன்ன வார்த்தைக்கும் குற்றத்தை நீயே எடுத்துக்கொண்டிருக்கிறாய். பதினொரு வயதில் தொடங்கிய சுமையின் மேல் என்னையும் தூக்கி வைத்துக்கொண்டு டெக்சாஸ் வரை போயிருக்கிறாய். ரூபி டீச்சர், அம்மா, நான். வயிற்றில் கட்டி என்று அந்த அம்மாள் எழுதியிருக்கிறார்.

போன ஞாயிறு நம் மாதாந்தரத் தமிழ் ஆராதனை. இப்போது வாடகைக்கு ஒரு கோயிலே எடுத்துவிட்டார்கள். இங்கே பிறந்த ஒரு பெண்ணுக்கும் சென்னைப் பையனுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தினார். நான் எழுந்து நின்றேன். நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கால்கள் நின்றன. கோயில் முழுக்கத் திரும்பியது. அந்தப் பெண் தன் தாயிடம் ஆங்கிலத்தில் யார் அது என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"பிரதர்? ஏதாவது சொல்லணுமா?" என்றார் போதகர்.

பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லா ஆன்ட்டி என் கோட்டைப் பிடித்து இழுத்தார். தலை நரைத்துவிட்டது அவருக்கும். "உக்காருங்க தம்பி, என்ன செய்யுதிய? யாரோ பெத்த பிள்ளைங்க, உக்காருங்க."

சொல்வதற்கு என்னிடம் இருந்தது. நம் கல்யாணத்துக்குத் தடை ஒன்று இருந்தது, அது நான்தான் என்று. ஆனால் அது வேறு கோயில், வேறு பெண், ஏழு வருடம் முந்திய ஓலை. அவர்கள் பாட்டைத் தொடங்கினார்கள். முடியும்வரை நின்றேன்.

நம் ஓலைக்கு எழுந்து நின்ற ரூபி டீச்சரின் அண்ணனை உன் குடும்பத்தைக் குற்றம் சொல்ல நின்றவர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். என் கால்கள் எதற்காக நின்றனவோ, அவர் கால்களும் அதற்காகவே நின்றிருக்கலாம். வேலை போன தங்கை வயிற்றோடு முதலில் அவர் வாசலுக்குத்தான் வந்திருப்பாள். வந்தவளுக்கு அவர் கதவைத் திறந்தாரா என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை.